கண் பரீட்சையில் நான் தேறிய விவரம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகனைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி நால்வரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும் சம்பந்தியப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, உங்கள் மகளுக்கு இருக்கிறது. நான் எழுத வந்ததோ அவள் மேல் ஒரு பிராது. ஆகவே கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் என் எழுத்தைக் காட்டித்தான் டீச்சர் ஆறாம் வகுப்புக்காரர்களைத் திட்டுவார். இந்தக் கடிதத்தில் எங்காவது எழுத்து கோணியிருந்தால் அது பேனாவின் குற்றம்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது சமையலறையில் நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எட்டு வருஷமாக ஒரே மூட்டு டாக்டரிடம் ஒரே மாத்திரை சாப்பிடுகிறோம். வேறு எதில் ஒத்துப்போனோமோ இல்லையோ, மாத்திரையில் நமக்குள் பேதம் கிடையாது. அந்த டாக்டர் மூன்று வருஷமாக, வருஷத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறார். இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடும் சிலருக்கு அது கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிற விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும், கெடுவது சாப்பிடுகிறவருக்கே தெரியாது, தெரிகிறபோது காலம் கடந்திருக்கும், அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் கண் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வலிக்காத வியாதியைத் தேடிக்கிட்டுப் போறது, தூங்கற நாயை வாலைப் பிடிச்சு எழுப்பற மாதிரி சம்பந்தி" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? கண்ணில் ஏதாவது கண்டுபிடித்தால் மாத்திரையை நிறுத்துவார்கள், மாத்திரை நின்றால் என் விரல் நிற்கும் என்றேன். அந்த மாத்திரைக்கு முன்னால் என் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்ததை நீங்களே பார்த்தவர். ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவள் என் மேல்சட்டைக்குப் பட்டன் போட ஆளைக் கூப்பிட்டேன். மாத்திரை ஆரம்பித்த ஆறாம் மாசம்தான் மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். தையல்காரிக்கு விரல் போவதும் பாட்டுக்காரிக்குத் தொண்டை போவதும் ஒன்று. ஆகவே, யார் என்ன சொன்னாலும் போவதில்லை என்று கையில் அடித்துச் சொன்னோம். நீங்கள் உங்கள் வாக்கைக் காப்பாற்றுகிறீர்கள். என்னுடையதை உடைத்தது உங்கள் மகள். அது எப்படி என்று கேளுங்கள்.

டாக்டர் தரும் சீட்டு நல்ல தடிமனான தாள். தூக்கிப் போட மனம் வருமா? நம் பேத்தியின் கவுனுக்குக் காலர் வெட்ட அளவுத்தாள் வேண்டியிருந்தது, முதல் வருஷச் சீட்டை மடித்துக் காலராக வெட்டினேன். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்தாள், காலர் வளர்ந்தது, அடுத்த சீட்டை வெட்டினேன். இப்படி மூன்று வருஷம், மூன்று சீட்டு, மூன்று காலர். ஐந்தாம் வகுப்புக்குப் போகும் வரைக்கும் அந்தக் குழந்தை கழுத்தில் போட்டதெல்லாம் என் கண் பரிசோதனைதான். போன வாரம் உங்கள் மகளுக்குத் தையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திடீர் ஞானம் வந்தது. என் டப்பாவைத் திறந்து காலர்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். பரப்பினவள் திருப்பிப் போட்டாள். மூன்றையும் சேர்த்து வைத்துப் படித்தாள். சத்தமே இல்லை. அவள் சத்தம் போட்டால் சமாளிக்கலாம், சும்மா இருந்தால் அவள் உங்கள் மகள்.

மறுநாள் காலையில் வந்து, "அத்தை, லைனிங் துணியும் நூலும் வாங்கணும், நீங்க வந்தாத்தான் நல்லதா பார்த்து எடுக்க முடியும்" என்றாள். புகழ்ச்சிக்கு மயங்காதவள் யார்? கிளம்பினேன். பஸ்ஸில் நூல்கடை நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துவிட்டாள். "இங்க எதுக்குடி எறங்கறோம்?" என்றேன். "நடந்தா மூட்டுக்கு நல்லது அத்தை" என்றாள். நடந்தோம். ஒரு பெரிய கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே வரிசையாக எல்லோரும் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்னடி இது, இதுதான் நூல்கடையா?" என்றேன். "இந்த வழியாவும் போகலாம் அத்தை, கொஞ்சம் சுத்து" என்கிறாள். சம்பந்தியம்மா, நீங்கள் பிள்ளை வளர்த்த அழகை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

வந்தது வந்தாயிற்று, நாலு பேர் முன்னால் மருமகளோடு மல்லுக்கு நிற்க முடியுமா, உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ரிட்டயரானவராம், அவருக்கும் நம்முடைய அதே மாத்திரைதானாம், தாமாகவே பேச்சுக் கொடுத்தார். "உள்ள ஒரு மெஷின் இருக்கும்மா, அதுல தலையை விடணும். வெளிச்சம் வரும், பார்த்துப் பார்த்து அழுத்தணும். அழுத்தாம விட்டுட்டா மாத்திரையை நிறுத்திடுவாங்க" என்றார். எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. ஓகோ, இது சோதனை இல்லை, பரீட்சை. பரீட்சை என்றால் எனக்கு என்ன பயம்? ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு பாடத்திலும் விட்டதில்லை. வெறுங்கையோடு வீடு போகக் கூடாது, மாத்திரையோடுதான் போவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் எழுத்துப் பலகை. எனக்கு முன்னால் அந்த டிரைவர் உள்ளே போய் வரிசையாகப் படித்தது வெளியில் எனக்கு நன்றாகக் கேட்டது. கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் செய்தேன். என் முறை வந்தது, உட்கார்ந்தேன், அங்கே சோதிக்கிற பெண் கண்ணாடியை மாட்டி "படிங்கம்மா" என்பதற்குள் மடமடவென்று ஒப்பித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், "அம்மா, நான் இன்னும் லைட்டே போடலை" என்றாள். போட்டது வேறு பலகை. சரி, அதையும் படித்தேன். கடைசி இரண்டு வரி தவிர. கடைசி இரண்டு வரியை யார் படிக்கிறார்கள், ஒப்பந்தப் பத்திரத்திலேயே யாரும் படிப்பதில்லை.

அப்புறம் அந்த மெஷின். இருட்டு அறை. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி வைத்த மாதிரி ஒன்று, அதற்குள் முகத்தை வைத்து, தாடையை ஒரு தாங்கியில் பதித்து, ஒரு கண்ணைக் கட்டி, கையில் அழுத்துகிற பொத்தான் ஒன்றைக் கொடுத்தாள் அந்தப் பெண். வயசு இருபத்தைந்து இருக்கும், குரலில் மட்டும் தலைமையாசிரியை. "நடுவுல மஞ்சளா ஒரு வெளிச்சம் இருக்கு பாருங்க, அதையே பார்த்துக்கிட்டு இருக்கணும். அக்கம்பக்கத்துல பொட்டுப் பொட்டா வெளிச்சம் வந்து போகும். தெரிஞ்சா அழுத்துங்க, தெரியலைன்னா விடுங்க. தப்பே கிடையாது" என்றாள். தப்பே கிடையாதாம். இப்படிச் சொல்லித்தான் எல்லா வாத்தியாரும் கழுத்தறுப்பார்கள். நான் ஆரம்பித்தேன். சில பொட்டு பளிச்சென்று வந்தது, சில பொட்டு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால் மெஷின் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். முப்பத்தைந்து வருஷம் மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவள் நான், எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று அடுத்த அறையிலிருந்து சொல்வேன், என்னிடமா? கண்ணை விட்டேன், காதைப் பிடித்தேன். டிக் என்றால் ஒரு அழுத்து. டிக், அழுத்து. டிக், அழுத்து. நேர்த்தையல் மாதிரி ஓடியது. ஒன்று தவறவில்லை.

அந்தப் பெண் தாளை எடுத்துப் பார்த்தாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். "அம்மா, இந்த மெஷின் நடுநடுவுல வெளிச்சமே காட்டாம சத்தம் மட்டும் போட்டுப் பார்க்கும். அதுக்கெல்லாமும் அழுத்தியிருக்கீங்க" என்றாள்.

"அது மெஷின் செய்த வஞ்சனை, நான் செய்த தப்பில்லை" என்றேன்.

"இந்தத் தாளை நம்பினா உங்களுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கணும்மா" என்றாள்.

"மருமகள் இருக்கிற வீட்டில் அதுவும் தேவைதான்" என்றேன். கதவுப் பக்கம் உங்கள் மகள் இருமினாள்.

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை காது உதவாது என்று தெரிந்துவிட்டதால் கண்ணாலேயே தேடிப் பிடிக்கலாம் என்று மேலே, கீழே, மூலைக்கு மூலை கண்ணைச் சுழற்றினேன். மெஷின் கீச் கீச்சென்று காட்டிக் கொடுத்தது. "நடுவைப் பாருங்கம்மா." பார்த்தேன். "அம்மா, நடுவை." பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். "அம்மா, கண்ணு அலையுது." கேட்டீர்களா, இந்த வயசில், மருமகள் நிற்கும்போது, என் கண் அலைகிறதாம். அந்தத் தாளும் செல்லாது என்று மூலையில் போட்டார்கள்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் போனாள். இருட்டில் நானும் உங்கள் மகளும்தான். என் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதுக்கு அத்தை ஏமாத்தறீங்க?" என்றாள். நான் மறைக்கவில்லை. "மாத்திரையை நிறுத்திட்டா என் கை போயிடும்டி. மெஷின்ல உட்கார முடியாம இந்த வீட்ல நான் என்ன செய்யறது? சுவத்துல மாட்டின படமா இருக்கணுமா?" என்றேன். அதற்கு அவள், "கைக்கு வேற மாத்திரை இருக்காம் அத்தை, கேட்டுட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். கண்ணுக்கு வேற எதுவும் இல்லையாம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இருட்டு, அதோடு ஒரு கண்ணைக் கட்டி வைத்திருந்தார்களே. அவள் என் கையைப் பிடித்துப் பொத்தானைச் சரியாக வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை சொன்னபடி செய்தேன். செய்து, தேறினேன்.

அதோடு விட்டார்களா? கண்ணில் எரிகிற மருந்தை ஊற்றி அரை மணி நேரம் குருடியாக உட்கார வைத்து, இன்னொரு மெஷினில் பச்சை நட்சத்திரம் ஒன்றைப் பார்க்கச் சொல்லி, இமைக்காதீர்கள் என்று மிரட்டி, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். படத்தைக் கண் டாக்டர் திரையில் காட்டினார். அடுக்கடுக்காக, மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. டாக்டர் அசந்துபோய், "என்னம்மா, முப்பது வயசுக்காரி கண்ணு மாதிரி இருக்கே" என்றார். நான் உங்கள் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரே ஒரு அவமானம் நேர்ந்தது, அதற்கும் காரணம் நீங்கள்தான். மாத்திரையின் அளவு ஆளின் எடையைப் பொறுத்ததாம். டாக்டர் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். நாற்பத்தெட்டு. பழைய சீட்டைப் பார்த்தார், ஐம்பத்தொன்பது. "எட்டு வருஷத்துல பதினொரு கிலோ எப்படிம்மா குறைஞ்சுது?" என்று பதறிவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டு டாக்டரிடம் நாம் முதல் தடவை சேர்ந்து போனோமே, நீங்கள் முதலில் ஏறினீர்கள், முள் போய் அறுபத்தொன்றில் நின்றது. பிள்ளையைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவளைவிட லேசாக இருந்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? ரிப்பேரிலிருந்து வாங்கி வந்த பித்தளைக் கரி இஸ்திரிப் பெட்டியும் பெரிய கத்தரிக்கோலும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏறினேன். அப்படியும் உங்களை எட்ட முடியவில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த இஸ்திரிப் பெட்டிக்கு மூட்டு வலி உண்டாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அதுக்கும் சேர்த்து எட்டு வருஷமா நீங்க மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க" என்றார். உங்கள் மகள் சிரித்தாள், சம்பந்தியம்மா. மாமியார் தலை குனிந்து நிற்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

கண்ணில் மருந்து இருக்கிறது, இன்றைக்குத் தைக்காதீர்கள் என்று அனுப்பினார்கள். தேறினவளுக்கு என்ன தடை? வந்ததும் உட்கார்ந்து நம் பேத்தியின் கவுனை முடித்தேன். சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்தவள், "பாட்டி, பாக்கெட் இருக்கு, ஆனா அதுக்கு வாயே இல்லையே" என்றாள். நாலு பக்கமும் தைத்துவிட்டேனாம். பென்சில் தொலையாது, நல்லதுதானே. குழந்தைக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். அது எந்தப் பக்கத்து ரத்தம் என்று நான் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும்.

ஆகையால் சம்பந்தியம்மா, இக்கடிதம் கண்டதும் நீங்கள் உங்கள் மகளுக்குப் புத்தி சொல்லி எழுத வேண்டியது. பெரியவர்களின் காலரைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, நூல்கடை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இறக்கக் கூடாது, எடை பார்க்கும் இடத்தில் சிரிக்கக் கூடாது. நாம் பேசி வைத்ததில் நீங்கள் உறுதியாக இருங்கள். நன்றாக இருக்கிற கண்ணுக்கு எதற்கு வைத்தியம்? நான் போய் வந்ததே போதும், என் கண்ணையே உங்கள் கண்ணாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி அண்டாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி,
ஐந்தாம் வகுப்பு, தேர்ச்சி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகு மனசு கேட்கவில்லை, பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதில் முப்பது வயசு என்று டாக்டர் சொன்னதாக எழுதியது பொய். அவர் படத்தில் வலது கண்ணின் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார், அழி ரப்பர் பட்ட மாதிரி மெலிந்திருந்தது. மூன்றாவது தாளிலும் அதே இடத்தில் கறுப்பு. "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா பேத்தி முகத்துல நடுவைத் தேடியிருப்பீங்க. இப்ப போனது திரும்ப வராதும்மா, ஆனா மிச்சத்தைக் காப்பாத்திடலாம்" என்றார். எனக்கு வலிக்கவில்லை, மங்கவில்லை, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பலகையில் கடைசி இரண்டு வரியை நான் வேண்டுமென்று படிக்காமல் விடவில்லை, என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. மாத்திரையை அன்றைக்கே நிறுத்தி மூட்டு டாக்டர் வேறு கொடுத்திருக்கிறார், அது வேலை செய்ய மூன்று மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் காலையில் விரல் மடங்க மறுக்கிறது, எழுத்து கோணியதற்குப் பேனாவைத் திட்டாதீர்கள். பேத்தியின் அடுத்த கவுனுக்குப் பட்டன் துளையை உங்கள் மகள்தான் எடுக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறேன். கை சுத்தம், அவசரம்தான் அதிகம். அவளுக்கு நீங்கள் புத்தி சொல்லி எதுவும் எழுத வேண்டாம்.

அந்த மூன்றாவது தடவையில் நடந்ததையும் சொல்கிறேன். மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக் என்று சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி சத்தம், மறுபடி இருட்டு. அது மெஷின் வைத்த பொறியா, என் கண் விட்ட இடமா என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுத்தாமல் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா, என் ஆயுசில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. நீங்களும் செய்துவிடுவீர்கள், உங்களுக்கு என்னைவிடப் பிடிவாதம் அதிகம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதே கண் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். முதல் பஸ்ஸில் வந்து உங்கள் வாசலில் நிற்பேன், தலைவலி, விருந்தாளி, சம்பந்தியப்பாவின் இருமல் எதுவும் செல்லாது. திரும்பி வரும்போது ஜன்னல் சீட்டு உங்களுக்கு. அதை நான் பெற்ற பிள்ளைக்குக்கூட விட்டுக் கொடுத்ததில்லை.